சடங்கு முடிந்த பெண்

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தபோது சீனியம்மாள் கிரைண்டரில் உளுந்தைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். பரவை என்ற ஊரில் அவள் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தெருவே தூக்குவாளியோடு அவள் வாசலில் நிற்கும். போனில் பேசியவர் மகள் தமிழ்வாணியின் வகுப்பு டீச்சர். பள்ளியில் மருத்துவ முகாம் நடந்ததாகவும், பிள்ளையின் உயரமும் எடையும் வயதுக்கு ரொம்பக் குறைவாக இருப்பதாகவும் சொன்னார். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை.

"இன்னொரு விஷயமும் இருக்கும்மா. போன்ல வேணாம். நாளைக்கு நேர்ல வாங்க, அவங்க அப்பாவையும் கூட்டிட்டு வாங்க."

போனை வைத்த பிறகும் அவளுக்குக் கிரைண்டர் சத்தம் காதில் விழவில்லை. அந்த இன்னொரு விஷயம் என்னவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டரை வருஷமாக அதற்குத்தான் பயந்து செத்துக்கொண்டிருந்தாள்.

தமிழ்வாணிக்குப் பதினாறு நடந்துகொண்டிருந்தது. பிளஸ் ஒன் படித்தாள். ஏழாம் வகுப்பில் வாங்கிய செருப்பு இன்னும் அவள் காலுக்குச் சரியாக இருந்தது. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "பாப்பா, யாரோட வந்த?" என்று கேட்பார். அவள் வயதுக்கு வந்துவிட்டாள் என்றுதான் ஊரும் உறவும் நம்பின. சடங்கே ஊரைக் கூட்டி நடந்து முடிந்திருந்தது. ஆனால் அவள் வயதுக்கு வரவில்லை. இது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், தாயும் மகளும்.

சீனியம்மாள் திட்டம் போட்டு ஏமாற்றியவள் இல்லை. அவளுடைய அண்ணன் பேயாண்டி குவைத்தில் டிரைவராக இருக்கிறான். மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் லீவு. இரண்டரை வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தவன் மருமகளுக்கென்று நெக்லஸும் பட்டும் கொண்டு வந்திருந்தான். இந்த லீவுக்குள் பிள்ளை உட்கார்ந்துவிட்டால் தாய்மாமன் சீரைக் கண்ணாரச் செய்துவிட்டுப் போய்விடுவேன் என்று வந்த நாளிலிருந்து வாய் ஓயாமல் சொன்னான். தெருவிலும் சும்மா இருக்கவில்லை. தமிழ்வாணியைவிடச் சின்னப் பிள்ளைகளெல்லாம் தாவணி போட்டாச்சு, இது என்ன இன்னும் அஞ்சாங்கிளாஸ் மாதிரியே இருக்கு என்று மாவு வாங்க வந்தவர்கள் கேட்டார்கள்.

லீவு முடிய இருபது நாள் இருந்தது. ஒரு சாயங்காலம் பள்ளி விட்டு வந்த பிள்ளையின் பாவாடையில் ரத்தக் கறை. சீனியம்மாள் ஒன்றும் விசாரிக்கவில்லை. உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள். எதிர்வீட்டுக்காரி குலவை போட்டுவிட்டாள். அதற்குப் பிறகுதான் தமிழ்வாணி அம்மாவை உள்ளே இழுத்துப் போய்ப் பாவாடையைத் தூக்கிக் காட்டினாள். தொடையில் நீளமாக ஒரு கீறல்.

"அது இல்லம்மா. சைக்கிள் தகரம் கிழிச்சிருச்சு."

அதற்குள் வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். உசிலம்பட்டி வீட்டிலிருந்து பேயாண்டி கார் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். பிள்ளையின் வாயைச் சீனியம்மாள் கையால் பொத்தினாள். "நாளைக்கோ நாளான்னைக்கோ எப்படியும் வரத்தான போகுது. யார்ட்டயும் மூச்சு விடாத" என்றாள்.

பிள்ளையைத் தனியாக உட்கார வைக்க ஓலைக் குச்சு கட்டினார்கள். மேளம் வந்தது. சீர்த்தட்டு தெரு முனையிலிருந்து வரிசையாக வந்தது. மணையில் உட்கார்ந்திருந்த பிள்ளை கடைசி வரை தரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. புள்ளைக்கு எம்புட்டு வெக்கம் பாரு என்று எல்லோரும் மெச்சினார்கள்.

பேயாண்டி சந்தோஷமாகக் குவைத்துக்குத் திரும்பினான். நாளை வரும் என்று சொன்னது வரவே இல்லை. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இருந்தாள்; அதற்கடுத்த மாதம் என்று இருந்தாள். ஆனால் சடங்கு முடிந்த பெண் மாதாமாதம் மூன்று நாள் தூரமாக வேண்டுமே. காலண்டரைப் பார்த்துச் சீனியம்மாளே நாள் குறித்தாள். அந்த நாட்களில் பிள்ளைக்குத் தனித் தட்டு, தனிப் பாய். சாமி படத்துப் பக்கம் போகக் கூடாது. ஒரு தடவை அழகர்கோவிலுக்குக் குடும்பத்தோடு வேன் பிடித்துப் போனார்கள். நாள் கணக்கு இடித்துவிட்டது. எல்லோரும் கோயிலுக்குள் போய் வரும்வரை தமிழ்வாணி வேனிலேயே கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவள் அம்மாவைப் பார்த்த பார்வையைச் சீனியம்மாளால் மறக்க முடியவில்லை.

டாக்டரிடம் போகலாம் என்று பலமுறை நினைத்தாள். எந்த டாக்டரும் கேட்கும் முதல் கேள்வி பெண் எப்போது வயதுக்கு வந்தாள் என்பதுதான். அதற்குப் பதில் சொன்னால் கணவனுக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும், சீர் வாங்கிய கதை சிரிப்பாய்ச் சிரிக்கும். அப்படியே தள்ளிப் போட்டாள்.

மறுநாள் டீச்சர் சொன்னதைக் கேட்டு அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகாமுக்கு வந்த நர்ஸ் கேட்டதற்குத் தமிழ்வாணி, "நாலஞ்சு மாசமா வரல" என்று சொல்லியிருந்தாள். உண்மையையும் சொல்ல முடியாமல், முழுப் பொய்யையும் சொல்ல முடியாமல் அந்தப் பிள்ளை நடுவில் ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்திருக்கிறது என்று தாய்க்குப் புரிந்தது. தகப்பனுக்கு வேறு மாதிரிப் புரிந்தது. அசோக்குமார் பரவை மார்க்கெட்டிலிருந்து ஊருக்குள் ஓட்டல்களுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். கலகலவென்று பேசுகிறவன். டீச்சர் முன்னால் அவன் மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலமே ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனார்கள். அங்கிருந்த லேடி டாக்டர் அவள் பயந்த அதே கேள்வியைக் கேட்டார். பக்கத்தில் கணவன் நின்றுகொண்டிருந்தான்.

"ரெண்டரை வருஷமாச்சுங்க" என்றாள் சீனியம்மாள். ஒழுங்காக வந்ததா என்று கேட்டதற்கு, வந்தது, இப்போது நாலைந்து மாதமாகத்தான் இல்லை என்றாள். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அவள் சொன்னதை நம்பி டாக்டர் எழுதிக்கொண்டார். சிறுநீர் டெஸ்ட் ஒன்று எழுதினார். நின்றுபோய் வருகிற எல்லோருக்கும் முதலில் எடுப்பதுதான், தப்பாக நினைக்க வேண்டாம் என்றும் சொன்னார். என்ன டெஸ்ட் என்று அசோக்குமார் லேபில் விசாரித்தான். அங்கிருந்த பெண் சொன்னதும் அவன் வெளியே போய், ரோட்டைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நின்றான். கையில் சின்ன டப்பாவோடு பாத்ரூமுக்குள் போன தமிழ்வாணி வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள்.

அரை மணி நேரம் காத்திருந்தார்கள். ஒன்றும் இல்லை என்று ரிசல்ட் வந்தது. டாக்டர் பத்து நாளைக்கு மாத்திரை கொடுத்து, முடித்து ஒரு வாரத்துக்குள் வந்துவிடும், வராவிட்டால் மறுபடி கூட்டி வாருங்கள் என்றார்.

அந்தப் பதினேழு நாளைச் சீனியம்மாள் எப்படித் தள்ளினாளோ. வராத ஒன்று மாத்திரைக்காவது வந்துவிட்டால் எல்லாப் பொய்யும் தானாகவே மெய்யாகிவிடும் என்று ஒரு நப்பாசை அவளுக்கு. போகாத கோயில் இல்லை, வைக்காத நேர்த்தி இல்லை. காலையில் பிள்ளை பாத்ரூமிலிருந்து வெளியே வரும்போது வாசலில் நின்று முகத்தைப் பார்ப்பாள். பிள்ளை இல்லை என்று தலையை ஆட்டும். பதினேழாம் நாளும் தலையை ஆட்டியது.

அசோக்குமாரும் நாட்களை எண்ணிக்கொண்டுதான் இருந்தான். டெஸ்டில் ஒன்றுமில்லை என்றால் முன்பே ஏதாவது இருந்து கலைத்திருக்கலாமே என்று அவன் புத்தி போனது. ஒருநாள் மகளின் போனை வாங்கித் தனியாக உட்கார்ந்து பார்த்தான். வகுப்புக் குரூப்பும் மருதாணி டிசைன் படங்களும்தான் இருந்தன. போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

பதினெட்டாம் நாள் காலையில், பள்ளிக்குக் கிளம்பி நின்ற மகளை அவன் கூப்பிட்டான். சீனியம்மாள் அடுப்படியில் அரைத்த மாவைக் கிரைண்டரிலிருந்து வழித்துக்கொண்டிருந்தாள். அவன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

"யாரு அவன்? பேரை மட்டும் சொல்லு. நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்."

தமிழ்வாணி ஒரே ஒரு தடவை அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அம்மா வாய் திறப்பாளா என்று பார்த்தாள். சீனியம்மாள் குனிந்து மாவை வழித்துக்கொண்டே இருந்தாள். பிள்ளை திரும்பவும் தகப்பனைப் பார்த்து நின்றாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி தாய் தலையில் விழுந்துவிடும். அதைச் சொல்லாமல் இவ்வளவு பெரிய சந்தேகத்தைத் தன் மேல் வாங்கிக்கொண்டு நின்றாள்.

"சரி, இன்னையிலிருந்து பள்ளிக்கூடம் வேணாம்" என்றான் அசோக்குமார்.

பிள்ளை பையைக் கழற்றிச் சுவரோரம் வைத்தது. அதைப் பார்த்ததும்தான் சீனியம்மாள் மாவுக் கையோடு வெளியே வந்தாள்.

"அவள ஒண்ணும் கேக்காதீக. அவ இன்னும் வயசுக்கே வரல" என்றாள்.

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. அவள் கீறலிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல மாவு கையில் காய்ந்துகொண்டிருந்தது. அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தாள். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பெத்த புள்ளைகிட்டப் போயி நான் என்ன கேள்வி கேட்டுட்டேன்டி" என்றான்.

மகளைப் பார்க்க முடியாமல் எழுந்து, சாப்பிடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். சுவரோரம் வைத்த பையைத் தமிழ்வாணி மறுபடி மாட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடம் போனாள்.

மதியம் வந்த அசோக்குமார் மகளின் போனை டிவி மேல் வைத்தான். நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம், அங்கே உள்ளது உள்ளபடி சொல்லிவிடு, இனிமேல் ஒரு பொய்யும் வேண்டாம் என்று மட்டும் சொன்னான்.

பெரியாஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் அம்மா வயதானவர், நிதானமானவர். இந்த முறை சீனியம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர், "இப்பவாவது சொன்னீங்களே, இது ரொம்ப முக்கியம். வந்து நின்னுபோறது வேற, வராமலே இருக்குறது வேற" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி அளந்தார். நூற்று முப்பத்து மூன்று சென்டிமீட்டர். கழுத்தின் பின்னால் முடியை ஒதுக்கிப் பார்த்தார். முடி ரொம்பக் கீழே வரை இறங்கியிருந்தது. கையை நீட்டச் சொன்னார். பிறகு விரல்களை மடக்கி முஷ்டி பிடிக்கச் சொன்னார். மோதிர விரலின் முட்டி எழும்பாமல் அந்த இடம் குழியாக இருந்தது. பதினாறு வருஷம் அந்தக் கையைப் பிடித்துச் சோறூட்டிய சீனியம்மாள் அதைக் கவனித்ததே இல்லை.

"பொறந்தப்ப கால் வீங்கியிருந்துச்சாம்மா?"

இருந்தது. இரண்டு பாதமும் பன் மாதிரி உப்பியிருந்தன. தானாக வடிந்துவிடும் என்றார்கள், வடிந்தும் விட்டது. அதை இவர் எப்படிக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை.

வயிற்றில் ஸ்கேன் எடுத்தார்கள். கையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள்; அதன் முடிவு வர மூன்று வாரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அந்த நாட்களில் அசோக்குமார் தினமும் மகளுக்கு ஏதாவது வாங்கி வந்தான். ஒருநாள் மாதுளை, ஒருநாள் பேனா. கொடுக்கத் தெரியாமல் மேஜையில் வைத்துவிட்டுப் போவான். சீனியம்மாளுக்குத் தூக்கம் இல்லை. புற்று நோயோ, மூளையில் கட்டியோ என்று என்னென்னவோ நினைத்தாள். உளுந்தில் இரண்டு தடவை உப்பைப் போட்டு மாவு கரித்துப்போய், வாங்கிப் போனவர்கள் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ரிசல்ட் வாங்கப் போன அன்று டாக்டர் அம்மா பிள்ளையை வெளியே அனுப்பவில்லை. அவள் உடம்பு, அவளுக்குத் தெரியட்டும் என்றார். பெண்ணுக்கு உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம் இருக்கும், தமிழ்வாணிக்கு ஒன்றுதான் இருக்கிறது, இதற்கு டர்னர் சிண்ட்ரோம் என்று பேர் என்று பொறுமையாக விளக்கினார். கரு உண்டாகும்போதே தற்செயலாக நடப்பது. தாய் சாப்பிட்டதாலோ, யாரும் செய்த பாவத்தாலோ வருவதில்லை. சினைப்பை வேலை செய்யாததால்தான் தூரம் வரவில்லை, வளர்ச்சியும் இல்லை. ஹார்மோன் மாத்திரையைச் சின்ன அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் உடம்பு வளரும், இரண்டு மூன்று வருஷத்தில் மாதாமாதம் வரவும் வைக்கலாம். எலும்புக்கும் அது வேண்டும். அதற்கு முன்னால் இருதயத்தையும் கிட்னியையும் பார்த்துவிட வேண்டும்.

சீனியம்மாள் கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கேட்டாள். "ரெண்டரை வருஷத்துக்கு முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா டாக்டர்?"

ஆறுதலுக்காக இல்லாததைச் சொல்கிறவராக அவர் இல்லை. "வளர்றதுக்கு ஊசி இருக்கும்மா. சின்னதுலயே ஆரம்பிச்சா நல்லாக் கேக்கும். அப்ப வந்திருந்தா இன்னும் கொஞ்சம் வளந்திருப்பா. இப்பவும் எலும்பு முழுசா மூடல, பாப்போம்."

தமிழ்வாணி அதுவரை மடியில் கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவளே கேட்டாள். "எனக்குக் குழந்தை பொறக்குமா டாக்டர்?"

அசோக்குமார் சட்டென்று தலையைக் குனிந்தான். தானாக உண்டாவது அபூர்வம், ஆனால் வேறு வழிகள் இருக்கின்றன, அது வரும்போது பேசலாம், படிப்புக்கோ வேலைக்கோ இதனால் ஒரு தடையும் இல்லை என்றார் டாக்டர். பிள்ளை இரண்டு தடவை தலையை ஆட்டினாள்.

அசோக்குமாருக்கு லோடு இருந்ததால் தாயும் மகளும் பஸ்ஸில் திரும்பினார்கள். பெரியார் பஸ் நிலையம் தாண்டும்வரை தமிழ்வாணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்.

"நான் அன்னைக்கே சொன்னேன். நீதான் வாயப் பொத்தின."

சீனியம்மாள் அவள் கையைப் பிடிக்கப் போனாள். அவள் எழுந்து முன்னால் காலியாக இருந்த சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். பின்னாலிருந்து பார்த்தால் அந்தக் குட்டைக் கழுத்தும், கீழே வரை இறங்கிய முடியும் தெரிந்தன. பரவை வரும்வரை சீனியம்மாள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இருதய ஸ்கேனுக்குப் போன அன்று அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றாள். இந்தக் குறை உள்ளவர்களுக்கு இருதயத்திலும் கோளாறு இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உள்ளே போன பிள்ளை நாற்பது நிமிஷம் வரவில்லை. கடைசியில் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, விட்டுவிடாமல் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். கிட்னியிலும் கோளாறு இல்லை. மாத்திரையும் ஊசியும் தொடங்கின. ஊசியைத் தினமும் வீட்டிலேயே போட வேண்டும். அம்மா போட வேண்டாம் என்று தமிழ்வாணி தானே போடக் கற்றுக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை, பேயாண்டிக்கு லீவு நாளாகப் பார்த்து, சீனியம்மாள் குவைத்துக்குப் போன் செய்தாள். அவள் சொன்னதையெல்லாம் அவன் குறுக்கிடாமல் கேட்டான்.

"ஊரக் கூட்டி மேளம் வச்சுல்ல செஞ்சேன் சீனி" என்றான் பேயாண்டி. பிறகு, "புள்ளைக்கு உசுருக்கு ஒண்ணும் இல்லைல்ல?" என்று கேட்டான். இல்லை என்றாள். அவன் போனை வைத்துவிட்டான்.

அடுத்த வாரம் அவன் மனைவி பாண்டியம்மாள் உசிலம்பட்டியிலிருந்து வந்தாள். பழம் வாங்கி வந்திருந்தாள். காப்பி குடித்தாள். தன் மகனுக்குத் தமிழ்வாணி என்று பேசி வைத்த பேச்சு இனி வேண்டாம், வருத்தப்படக் கூடாது என்று தன்மையாகத்தான் சொன்னாள். பக்கத்தறையில் படித்துக்கொண்டிருந்த தமிழ்வாணி எட்டிப் பார்த்து, "அத்தை, அந்தப் பேச்ச நான் எப்பவும் ஒத்துக்கிட்டதே இல்ல" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தெருவுக்கும் விஷயம் தெரிந்துபோனது. ஒரு வாரம் தூக்குவாளிகள் குறைந்தன. இருக்கிற மாவுக் கடைகளில் இதுதான் புளிக்காத மாவு என்பதால் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. சிலர் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிப் போனார்கள். சிலர் வேண்டுமென்றே நின்று, பொண்ணு எப்படி இருக்கா என்று இழுத்தார்கள். வைத்தியம் நடக்கிறது என்று அவள் சுருக்கமாகச் சொல்லப் பழகிக்கொண்டாள். வீட்டில் தனித் தட்டும் தனிப் பாயும் எப்போதோ பரண் ஏறிவிட்டன. மகள் அவளோடு பேசுகிறாள், தேவைக்குப் பேசுகிறாள். பழைய பேச்சு வரவில்லை.

பேயாண்டி இரண்டு மாதம் போன் செய்யவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தான். சீனியம்மாள் எடுத்தபோது, "புள்ளட்டக் குடு" என்றான். அவள் போனைக் கொடுத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றாள். மகள் பேசுவது மட்டும் கேட்டது. "ஆமா மாமா... இல்ல, வலிக்காது மாமா, பழகிருச்சு... ஒரு சென்டிமீட்டர் கூடியிருக்குன்னாக..." நடுவில் ஒரு தடவை தமிழ்வாணி சிரித்தாள். சீனியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றாள், அண்ணன் தன்னையும் கேட்பான் என்று. கேட்கவில்லை. போன் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது.

"மாமா என்னடி கேட்டாரு?" என்றாள்.

"பரிட்சை எப்பன்னு கேட்டாரு" என்றாள் தமிழ்வாணி. பிறகு, பிரிட்ஜைத் திறந்து அன்றைய ஊசியை எடுத்தவள், இன்று அம்மா போட்டுவிடட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு நொடி நின்றாள். அப்புறம் தானே போட்டுக்கொள்ள உள்ளே போனாள்.